முழங்கால் அளவு

கோமளா தூங்கும்போது இடது கால் கட்டிலுக்கு வெளியே தொங்கும். புருஷன் தேவா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "இன்னாமே, காலை மட்டும் டூட்டிக்கு அனுப்பிட்டு நீ தூங்குற?" என்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் அந்தக் காலைத்தான் தொடும், தொட்டால் விழிப்பு வந்துவிடும் என்பது அவள் நினைப்பு. தெரு முழுக்கத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கும் மே மாதத்திலும் அந்தக் கால் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

இதை வைத்து அவளைப் பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் பதினெட்டு வருஷம் நின்றபடி வேலை பார்த்தவள். கழிப்பறையில் பாம்பு வந்தபோது சூப்பர்வைசர் மேஜை மேல் ஏறிக்கொள்ள, துடைப்பத்தோடு உள்ளே போனவள் அவள்தான். ஆள் நாலடி பத்தங்குலம், குரல் ஆறடி. அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். அது தண்ணீர்.

அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே மல்லிகா நகர் விரிவு என்று இன்றைக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அது அவள் அம்மாவும் அப்பாவும் கூலிக்குக் களை பறித்த வயல். ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் போக ஓர் ஓடை உண்டு. சின்ன வயதில் கோமளா அதில் துணி விரித்து மீன் பிடித்திருக்கிறாள். மனை போட்டவர்கள் ஓடையில் மண்ணைக் கொட்டி, மேலே தெருவைப் போட்டார்கள். மண்ணைக் கொட்டியதும் தண்ணீர் வழியை மறந்துவிடும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். ஓடை இருந்த இடம் இப்போது மூன்றாவது தெருவின் நடுப்பள்ளம். பள்ளத்துக்கு நேர் எதிரே கோமளாவின் வீடு. அங்கேதான் விலை படிந்தது, வாங்கினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் புயலில், காலை ஏழு மணிக்கு, அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் வந்தது. வாசல் வழியாக இல்லை. குளியலறை ஓட்டையிலிருந்து, களக் களக் என்று, யாரோ தொண்டையைச் செருமுவது போல வந்தது. ஒன்பது மணிக்கு அவள் கழுத்துக்கு வந்துவிட்டது. தேவா ஷேர் ஆட்டோவோடு பூந்தமல்லியில் மாட்டிக்கொண்டான். கோமளாவும் மகள் சுவேதாவும் சமையல் மேடை மேல் மூன்று மணி வரைக்கும் நின்றார்கள். கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து சுவரில் இடித்தது. டங். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டங். கோயில் மணி கேட்டால்கூட அவள் இப்போது காதைப் பொத்திக்கொள்கிறாள் என்றால் அதனால்தான்.

தண்ணீர் வடிந்தபின் நான்கு சுவரிலும் ஒரு பழுப்புக் கோடு நின்றது. சுவரோடு சேர்ந்து நின்றால் கோமளாவின் தொண்டைக்குழிக்கு நேராக இருந்தது. பொங்கல் வந்தது. எந்த வெள்ளம் வந்தாலும் போகிக்கு முன்னால் வெள்ளையடிக்காமல் விடுகிற ஜனமா நாம்? தெருவில் எல்லார் வீட்டுக் கோடும் ஒரே வாரத்தில் மறைந்தது. கோமளா வீட்டில் மட்டும் ஓர் இடம் தப்பியது. பீரோவை நகர்த்தச் சோம்பல்பட்டு தேவா அதைச் சுற்றியே பெயிண்ட் அடித்திருந்தான். பீரோவுக்குப் பின்னால் கோடு அப்படியே இருந்தது.

போன ஜூலையில் தினகரன் வந்தான். வெள்ளத்துக்கு முன்கூட்டியே திட்டம் போட்டுக் கொடுக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவன், முப்பது வயது, நல்ல பிள்ளை. சமுதாயக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினான். முன்பெல்லாம் ஒரு மாதம் பெய்த மழை இப்போது ஒரே நாளில் கொட்டுகிறது, கடல் மட்டமும் ஏறிக்கொண்டே போகிறது என்றான்.

"கடல் எங்க கீது, நாங்க எங்க கீறோம்?" என்று ஒருவர் கேட்டார்.

"உங்க தண்ணி கூவம் வழியா அங்கதானே போய்ச் சேரணும்? அங்க வாங்கிக்கலேன்னா வழியெல்லாம் தேங்கும். கடைசில இங்க நிக்கும்" என்றான் தினகரன்.

கோமளாவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே உள்ளங்கால் சில்லிட்டது. பிறகு அவன் பெரிய காகிதத்தில் தெருக்களை வரைந்து, கலர் பேனாக்களை எடுத்து வைத்தான். போன வெள்ளத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று அவரவர் சொல்ல வேண்டும். இடுப்புக்கு மேல் என்றால் சிவப்பு, முழங்கால் என்றால் மஞ்சள், கணுக்கால் என்றால் பச்சை. அதை வைத்து, மழை வந்தால் யாரை எந்த வழியாகக் கூடத்துக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்யலாம். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இத பெருசா ஃப்ளெக்ஸ் அடிச்சு, மெயின் ரோட்டு முனையில எல்லாரும் பாக்குற மாதிரி கட்டிடலாம்" என்றும் சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான். வாடகைக்கு விடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனையை விற்க வைத்திருந்தவர் கணுக்கால் என்றார். மூன்றாவது தெருவில் ஒருவர் விடாமல் முழங்கால் என்றார்கள். நிவாரணத்துக்கு மனு எழுதிய அன்று இதே வாய்கள் கழுத்து, மூக்கு என்று சொன்னவைதாம். ஃப்ளெக்ஸ் என்றதும் தெருவில் தண்ணீர் தானாக வடிந்துவிட்டது.

கோமளாவின் முறை வந்தது. அவளுக்கு விற்க மனை இல்லை, வாடகைக்கு விட அறை இல்லை. மகள் இருந்தாள். சுவேதாவுக்கு வந்த முதல் வரன் தண்ணீர்க் கதையைக் கேட்டதும் எழுந்து போனது. இரண்டாவது வரனின் அத்தை, "பொண்ணு லட்சணமாத்தான் கீது. மொத பிரசவத்துக்கு உங்க ஊட்டுக்கு அனுப்பினா தொட்டிலை மொட்டை மாடியிலயா கட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாவதாக முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பரத் என்கிற பையனின் ஜாதகம் வந்திருந்தது. பையனுக்கு நல்ல வேலை, சுவேதாவுக்கும் பிடித்திருந்தது. பையனின் அம்மா சொர்ணம் தரகரிடம் கேட்டு அனுப்பிய முதல் கேள்வியே, அந்தப் பக்கம் தண்ணீர் ஏறுமாமே என்பதுதான்.

"முழங்கால் வரைக்கும்" என்றாள் கோமளா.

மூன்றாவது தெருவுக்கு மஞ்சள் பூசினான் தினகரன்.

அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் ஐந்தாவது தெரு தெரசா. தெரசாவின் புருஷன் பாஸ்கல் லேத் வேலை பார்த்தவர், வாதம் வந்து மூன்று வருஷமாகப் படுக்கை. "எங்க தெருவுல மாருக்கு வந்துச்சு தம்பி, எழுதிக்க" என்றாள். அவள் தெருவிலிருந்து கூடத்துக்கு வர இரண்டு வழி. இரண்டாவது தெருவைச் சுற்றினால் அரை மணி. மூன்றாவது தெரு வழியாக வந்தால் பத்து நிமிஷம். மஞ்சள்தானே என்று தினகரன் மூன்றாவது தெரு மேல் அம்புக்குறி போட்டான்.

கூட்டம் கலைந்ததும் தெரசா கோமளாவின் கையைப் பிடித்தாள். "கோமு, படம் இன்னா வேணாச் சொல்லட்டும். நீ சொல்லு. அவர தூக்கிக்கினு உன் ஊட்டு வழியா வரலாமா? தண்ணி எம்மாம் இருக்கும்?"

சுற்றிலும் தெரு ஜனம் நின்றது.

"முழங்கால்தாங்கா" என்றாள் கோமளா.

தெரசா தன் சின்ன நோட்டில் அதையும் குறித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கோமளாவின் பயம் இரண்டாகிவிட்டது. முன்பு கண்ணை மூடினால் சிலிண்டர் இடிக்கும். இப்போது பாஸ்கலைத் தூக்கிக்கொண்டு தெரு நடுவில் வருவது தெரிந்தது. செப்டம்பரில் சொர்ணம் பெண் பார்க்க வந்தாள். முனையில் தொங்கிய ஃப்ளெக்ஸை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, மஞ்சள் என்று திருப்தியாகி, கார்த்திகையில் பூ வைக்க நாள் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் கோமளா மீன் குழம்பை எடுத்துக்கொண்டு தெரசா வீட்டுக்குப் போனாள். தெரசா ஆசை ஆசையாக எல்லாவற்றையும் காட்டினாள். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மூங்கில் கட்டியாகிவிட்டது, தூக்க நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது, மாத்திரைப் பை தயார். "போனைக்கூட ஆஃப் பண்ணி கவர்ல சுத்திக்கினு கிளம்பணுமாம், தம்பி சொல்லிக்கீது" என்றாள். படுக்கையிலிருந்து பாஸ்கல் கோணிய வாயால் சிரித்தார். கோமளா குழம்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பூ வைத்து முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். மழை பூ வைக்கும்வரை காத்திருக்குமா?

காத்திருக்கவில்லை. பூ வைக்கிற ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை பிடித்தது, விடவே இல்லை. வெள்ளி காலை ஏழேகாலுக்குக் குளியலறை ஓட்டை தொண்டையைச் செருமியது.

கோமளா முதலில் அடுப்பை அணைத்தாள். எட்டு மணிக்கு முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். போனில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் தினகரனின் செய்தி வந்தது. ஐந்தாவது தெருவில் படுக்கையில் இருப்பவர்களைத் திட்டப்படி மூன்றாவது தெரு வழியாக உடனே கூடத்துக்குக் கொண்டுவரவும். அவன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான்.

கோமளா டைப் அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். குழுவில் நூற்று நாற்பது பேர். தரகரும் அதில் இருந்தார்.

"யோவ், பீரோவ நகத்து" என்றாள்.

தேவாவுக்குப் புரிந்துவிட்டது. "உனுக்கு இன்னா பைத்தியமா? ஞாயித்துக்கெயம பூ வைக்க வராங்க. தெரசாக்கா வேற வயில போவாங்கமே."

"போவ மாட்டாங்க. நான் சொன்னத எயுதி வெச்சுகினு கீறாங்க."

தேவா நகரவில்லை. அதற்குள் சுவேதா வந்து பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். தன் கல்யாணத்தைத்தான் தள்ளுகிறோம் என்று தெரியாத குழந்தையா அவள்? பீரோ கிறீச்சென்று நகர்ந்தது. கோமளா கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கோடு தொண்டைக்குழிக்கு நேராக இருந்தது. சுவேதா போட்டோ எடுத்தாள். 'மூன்றாவது தெருப் பள்ளம் முழங்கால் இல்லை. இதுதான் அளவு. நான் சொன்னது பொய். தெரசாக்கா, இந்த வழியா வராதீங்க.' அனுப்பினார்கள்.

குழு கொதித்தது. எதிர் வீட்டுக்காரர் திட்டினார். தினகரன் கூப்பிட்டான். "அக்கா, தெரசாம்மா போன் ஆஃப்ல இருக்கு. ஆஃப் பண்ணச் சொன்னதே நாந்தான்."

இத்தனைக்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. போன வெள்ளத்துக்குப் பிறகு சுவரோடு வைத்த இரும்பு ஏணியில் ஏறி மூன்று பேரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். அங்கிருந்து பார்த்தால் தெரு தெரியவில்லை. முனையிலிருந்து முனை வரை ஒரே மட்டமாகப் பழுப்புத் தண்ணீர். பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று அதன் முகத்தில் எழுதியா இருக்கிறது?

தெருவின் அந்தக் கோடியில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாலு பேர், நடுவில் நாற்காலி, நாற்காலியில் நீலக் கோணி போர்த்திய பாஸ்கல். முன்னால் குடையும் பையுமாகத் தெரசா. அவர்கள் நடந்த இடத்தில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. திட்டம் சொன்னபடியே இருந்தது.

"அக்கா! வராதீங்க! திரும்பிப் போங்க!"

ஆறடிக் குரல் அன்றைக்கு எடுபடவில்லை. மழை தகரக் கூரைகளில் பறை கொட்டிக்கொண்டிருந்தது. சுவேதா துப்பட்டாவைக் கழற்றி வீசி வீசிக் காட்டினாள். தெரசா நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்தவர்கள் வழி பார்த்து நிற்கிறார்கள் என்று நினைத்து, குடையைத் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினாள். தூக்கி வந்தவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.

கோமளா ஏணியில் இறங்கினாள். தேவா கையைப் பிடித்தான், உதறினாள். இரண்டு வருஷமாகக் கட்டிலுக்கு வெளியே காவல் வைத்த அந்த இடது காலைத்தான் முதலில் தண்ணீருக்குள் விட்டாள். உடம்பெல்லாம் உதறியது. மாரியாத்தா மாரியாத்தா என்று வாய் தானாகச் சொன்னது. இடுப்பு, மார்பு. கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவில் கால் வைத்ததும் அடியில் இழுவை தெரிந்தது. ஓடை பழைய வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. தொண்டைக்குழிக்குத் தண்ணீர் வந்தது. அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் போய்விடுவாள். இரும்புக் கேட்டின் கடைசிக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, கை நீண்ட மட்டும் தள்ளி, பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். தேவா பின்னாலேயே இறங்கி அவள் சேலையைக் கேட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

அவர்கள் இருபது அடியில் வந்துவிட்டார்கள். முன்னால் பிடித்தவருக்கு இடுப்பு நனைந்தது. தெரசா தண்ணீர் மேல் கோமளாவின் தலையை மட்டும் பார்த்தாள்.

"இன்னா கோமு, தண்ணீல உக்காந்துகினு கீற? எந்திரிமே!"

"உக்காரலக்கா!" வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டுக் கோமளா கத்தினாள். "நின்னுகினு கீறேன்! நான் நின்னுகினு கீறேன்!"

தெரசா அப்படியே நின்றாள். குடை கையிலிருந்து விழுந்து, பள்ளத்துக்கு வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கோமளாவைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. நாலு பேரும் அதைப் பார்த்தார்கள். நாற்காலி மெதுவாகத் திரும்பியது. இரண்டாவது தெருவைச் சுற்றி, முக்கால் மணி நேரத்தில் பாஸ்கலைக் கூடத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் தெரசா வந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று கோமளா எதிர்பார்த்தாள். தெரசா வாசலில் நின்று, "முழங்கால்னு சொன்னியே கோமு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மீன் குழம்புப் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள், அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். கோமளா அதைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கையோங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

தினகரன் சிவப்பு பெயிண்டோடு வந்தான். இனிமேல் காகிதத்தில் கேட்பதில்லை, சுவரிலேயே கோடு போடுவது என்று தீர்மானித்திருந்தான். ஃப்ளெக்ஸையும் கழற்றிவிட்டான். "உள்ள போட்டுக்கலாமா அக்கா?" என்று தயங்கிக் கேட்டான்.

"வெளியிலயே போடு. தெருவப் பாத்தாப்புல போடு" என்று சுவரோடு சாய்ந்து நின்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

பூ வைக்கிற நாள் தண்ணீரோடு போயிருந்தது. தரகர் போனை எடுக்கவில்லை. சுவேதா வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தாள், கண் மட்டும் வீங்கியிருந்தது. அம்மாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் கோமளாவைக் கொன்றது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், யாருக்கும் சொல்லாமல், சொர்ணம் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். நேரே சுவருக்குப் போய்ச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். சொர்ணம் கோமளாவைவிடக் குள்ளம். கோடு அவள் வாய்க்கு வந்தது. கையை வைத்து அளந்து பார்த்தாள். கோமளா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"பொண்ணு அன்னிக்கு எங்க நின்னுது?"

"மொத தபா சமையல் மேடையில. இந்தத் தபா மாடியில."

"போட்டோ எடுத்தது அதுதானாமே?"

"ஆமாங்க. பீரோவத் தள்ளினதும் அதுதான்."

சொர்ணம் உள்ளே வந்து உட்கார்ந்தாள். காபியைக் குடித்தாள். பீரோ இன்னும் நடு வீட்டில்தான் நின்றது. அதையும் அதற்குப் பின்னால் இருந்த பழுப்புக் கோட்டையும் பார்த்தாள்.

"என் பையன் அந்தப் பொண்ணுதான்றான். எனுக்கும் ஆட்சேபன இல்ல. பீரோவத் தள்ற பொண்ணு எங்க ஊட்டுக்கு வந்தா நல்லதுதான். கல்யாணத்த மாசியில வெச்சுக்கலாம், மயைக்கு அப்பால." டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆனா ஒண்ணு. மொத பிரசவத்துக்கு உங்க ஊட்டுக்கு அனுப்ப மாட்டேன். பச்ச ஒடம்பு. கோவிச்சுக்கக் கூடாது."

கோமளாவுக்கு ஒரே சமயத்தில் உயிர் வந்ததும் போனதுமாக இருந்தது. மகளுக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும், பேரப்பிள்ளையை முதலில் தன் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும் என்று அவள் நினைத்து வைத்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போனது. நியாயமில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்ததா?

"ஐப்பசி கார்த்திகையில பொறந்தா அனுப்பாதீங்க சம்பந்தி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெயில் காலத்துல பொறந்தா மட்டும் அனுப்புங்க. சித்திரையில இங்க சொட்டுத் தண்ணி இருக்காது."

சொர்ணம் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பாக்கலாம்" என்று எழுந்தாள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் சுவரில் இருந்த கோட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.